குழந்தைகளின் ஆட்டிசம்: பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

என் மகனுக்கு இப்போது 11 வயது. இரண்டே முக்கால் வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து தெரபி அறைக்கு வெளியே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மற்ற அம்மாக்களோடும் சில அப்பாக்களோடும் பேசியதில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதே பயம்தான். நான் டாக்டர் இல்லை. ஆனால் இவற்றை யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பேன்.

ஆட்டிசம் என்பது நோயா?

நோய் இல்லை. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு. மற்றவர்களோடு பழகுவதும் பேச்சைப் பரிமாறிக்கொள்வதும் இந்தக் குழந்தைகளுக்கு வேறு மாதிரி இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, பழகியது மாறினால் தவித்துப்போவது, சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது, இதெல்லாம் இன்னொரு பக்கம். ஒரு குழந்தை வாய் ஓயாமல் ரயில் எண்களைச் சொல்லும், இன்னொன்று பத்து வயதிலும் ஒரு வார்த்தை பேசாது, இரண்டும் ஆட்டிசம்தான். பேச்சு தாமதமாகாத பிள்ளைகளுக்கு முன்பு ஆஸ்பெர்கர் என்று தனியாகச் சொல்லிவந்ததையும் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் இதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவே இல்லை, என் பிள்ளையின் மதியில் இறுக்கம் எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் ஆட்டிசம் என்றே சொல்கிறேன்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

எல்லோரும் பேச்சைத்தான் பார்க்கிறார்கள். பேச்சுக்கு முன்னால் பார்க்க வேண்டியது விரல்.

ஒன்று, ஒன்றரை வயதில் ஒரு குழந்தை காக்காயைப் பார்த்தால் விரலை நீட்டும், நீட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், "நீயும் பாத்தியா?" என்று கேட்பது போல. அதற்கு அந்தக் காக்காய் வேண்டாம், நாம் பார்த்தோம் என்பது போதும். என் மகன் அப்படி ஒருமுறைகூட விரல் நீட்டவில்லை. அவனுக்குப் பால் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் உள்ளங்கையை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். "என்ன சமத்து, கேட்டு வாங்கத் தெரியுது பாரு" என்று நாங்கள் சிரித்தோம். அது ஒரு அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் இன்றும் சொல்கிறேன், அது சமத்துதான். தனக்கு வேண்டியதை அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான், வாயால் சொல்லவில்லை, அவ்வளவே.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, டாட்டா காட்டாதது, பொம்மைக் காரை ஓட்டாமல் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பது, மின்விசிறியைப் பார்த்தபடி நிற்பது, நுனிக்காலில் நடப்பது என்று இன்னும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பதற வேண்டாம். பல சேர்ந்து இருந்தால் போய்க் காட்டுங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: அம்மா, அத்தை, தாத்தா என்று நாலைந்து வார்த்தை பேசிக்கொண்டிருந்த குழந்தை ஒன்றேகால், ஒன்றரை வயதில் அதை விட்டுவிட்டால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

"பையன்னா லேட்டாத்தான் பேசுவான்" என்கிறார் மாமியார். கொஞ்ச நாள் பார்க்கலாமா?

வேண்டாம். எங்கள் வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். அப்பா மூன்று வயதில்தான் பேசினார் என்றார்கள், நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார்கள், ஐந்து வயது வரை பேசாமல் இருந்து திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்த குழந்தையின் கதையை ஆளாளுக்குச் சொன்னார்கள். நாங்களும் திருச்செந்தூர் போய்வந்தோம், அதில் எனக்கு வருத்தமில்லை. கோயிலுக்குப் போனதோடு ஆஸ்பத்திரிக்கும் போகாமல் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்ததுதான் வருத்தம்.

தாமதமாகப் பேசும் குழந்தைகள் உண்டுதான். அவர்கள் விரல் நீட்டுவார்கள், சைகை காட்டுவார்கள், நம்மோடு விளையாட்டுக்கு வருவார்கள். அதுவும் இல்லையென்றால் காத்திருந்து பெறப்போவது எதுவும் இல்லை. பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று சொன்னால் சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள்.

எங்கே போவது, என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் காது. பெயர் கூப்பிட்டுத் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று உறுதிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பெரா என்ற பரிசோதனையில் குழந்தை தூங்கும்போது தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்ப்பார்கள், வலி இல்லை.

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையைக் கவனித்துப் பார்த்து, நம்மிடம் கேள்வி கேட்டுத்தான் சொல்கிறார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது, அது சந்தேகத்தை மட்டும் சொல்லும். உறுதிப்படுத்துவது குழந்தை வளர்ச்சி நிபுணர், குழந்தை நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் வேலை. நம் நாட்டில் சான்றிதழுக்கு ஐசா என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள், 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை.

தனியாருக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் பயப்பட வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில், வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, அரசு மருத்துவமனையில் கேளுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

நான் வேலைக்குப் போனதால் வந்ததா? போன் காட்டியதால் வந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. அப்பாக்கள் யாரும் தங்களைப் பற்றி இப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

1943-இல் அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார், ஆட்டிசம் தனியாக அறியப்பட்டது அதிலிருந்துதான். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல், பாசமில்லாத தாய்தான் காரணம் என்று படித்தவர்களே நம்பினார்கள், ஃபிரிட்ஜ் போல ஜில்லிட்ட அம்மாக்கள் என்று அவர்களுக்குப் பெயரும் வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் அது தவறு, இது உடலிலேயே இருக்கும் காரணம் என்று வாதிட்டு எழுதினார். பிறகு இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் மரபணுவின் பங்குதான் மிகப் பெரியது என்று காட்டின. ஒரே ஒரு மரபணு இல்லை, நூற்றுக்கணக்கானவை. நீங்கள் வேலைக்குப் போனதும், கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டதும், மாமியாரோடு சண்டை போட்டு அழுததும் காரணம் இல்லை. தயவுசெய்து இதை இன்றோடு இறக்கி வைத்துவிடுங்கள்.

போன் பற்றி: போன் ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று யாரும் நிரூபிக்கவில்லை, "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்பது மருத்துவக் கையேடுகளில் இல்லாத பெயர். ஆனால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு வருவது எதிரில் இருக்கும் முகத்திலிருந்துதான், போனில் அந்த முகம் இல்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு உள்ளே என்றுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். சரி, குறையுங்கள். குறைத்துவிட்டு, சரியாகிவிடும் என்று ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

தடுப்பூசியால் வரும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

வராது. 1998-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மையும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியைப் பற்றி எழுதிய கட்டுரையில் கிளம்பிய பயம் அது. அதில் நேர்மையில்லை என்று தெரிந்து 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் போயிற்று. 2019-இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்த ஆய்விலும் எந்தத் தொடர்பும் இல்லை. தட்டம்மை ஊசியின் இரண்டாம் தவணை நம் ஊரில் 16 மாதத்துக்கு மேல்தான் போடுகிறார்கள், ஆட்டிசத்தின் அடையாளங்கள் வெளியே தெரியத் தொடங்குவதும் அதே வயதில்தான். அடுத்தடுத்து நடப்பதால் ஒன்றால் மற்றொன்று வந்ததாகத் தோன்றுகிறது. 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது இந்த மாதிரி வதந்திகளுக்குப் பயந்து எத்தனை பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள்! தட்டம்மை உயிரை எடுக்கும், ஆட்டிசம் எடுக்காது.

நாம் கேட்டதையே திருப்பிச் சொல்கிறான், பதில் சொல்ல மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் என் மகன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான், எனக்குத்தான் புரியவில்லை.

நான்கு வயதில் சமையலறை வாசலில் வந்து நின்று, என் குரல் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே, "தண்ணி வேணுமா கண்ணு?" என்பான். எனக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நானும் இரண்டு மூன்று தடவை பதில் சொல்லியிருக்கிறேன், அவன் அழுதுகொண்டே திரும்பத் திரும்ப அதையே கேட்பான். அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு முறை டம்ளர் கைக்கு வரும்போதும் காதில் விழுந்தது அந்த மூன்று வார்த்தைகள். தண்ணீருக்குப் பெயரே அதுதான் என்று எடுத்துக்கொண்டான். தமிழில் வினைச்சொல்லிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருப்பதால் இது இன்னும் கூடுதலாகத் தெரியும்: தங்களுக்குப் பசித்தால் இந்தப் பிள்ளைகள் "சாப்பிடுறியா?" என்பார்கள், தூக்கம் வந்தால் "தூங்கப் போறியா?"

பேச்சுத் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது ரொம்பச் சின்ன விஷயம். கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, அவன் சொல்ல வேண்டியதை அவன் வாயிலிருந்து வருவது போல நாம் சொல்வது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டு உடனே கொடுத்துவிட வேண்டும். ஒழுங்காகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடித்து வைக்கக் கூடாது. தினமும் பத்துப் பன்னிரண்டு தடவை, கிட்டத்தட்ட ஒரு வருடம். ஒரு நாள் மத்தியானம் வந்து நின்று "தண்ணி வேணும் கண்ணு" என்றான். வினை மாறிவிட்டது, கண்ணு மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறான், நான் திருத்தவில்லை.

இரண்டு மொழி குழப்பும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடுவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நாங்கள் முதலில் போன ஒரு மையத்தில் இப்படிச் சொல்லி, என் மாமனார் பேரனிடம் பேசுவதையே ஏழெட்டு மாதம் நிறுத்திவிட்டார், அவருக்கு இங்கிலீஷ் வராது. நானும் "கம் ஹியர், சிட் டவுன்" என்று கட்டளை மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச வேண்டுமென்றால் தமிழில்தானே வருகிறது! உங்களுக்கு எந்த மொழியில் தாலாட்டு வருமோ அதில் பேசுங்கள்.

படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடாதா?

போகாது, சொல்லப்போனால் பேச்சுக்கு உதவுகிறது என்றுதான் பார்த்திருக்கிறார்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு கழிவறை, ஒரு "போதும்" படம், இந்த மூன்றை லேமினேட் செய்து வைத்துத் தொடங்கலாம். சென்னையில் உருவான அவாஸ் என்ற செயலி தமிழிலும் பேசும், படத்தைத் தொட்டால் வார்த்தையைச் சொல்லும். முதலில் "போதும்" என்பதைக் கற்றுக்கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத குழந்தை கடிக்காமல் வேறென்ன செய்யும்?

திடீரென்று கத்தி உருண்டு புரள்கிறான். அடமா?

அடம் பிடிக்கும் குழந்தை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இது வேறு. தாங்க முடியாத அளவுக்குச் சத்தமோ வெளிச்சமோ கூட்டமோ மாற்றமோ ஏறிவிட்டால் வருவது. அப்போது கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, அடித்தால் கூடும். பேச்சைக் குறைத்து, சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போய், அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் செய்ய முடியும்.

அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள், அதில்தான் விடை இருக்கும். என் மகனுக்குக் குக்கர். விசில் வரும்போது இல்லை, நான் மூடியில் கேஸ்கெட்டைப் பொருத்துவதைப் பார்த்தவுடனே இரண்டு கையும் காதுக்குப் போய்விடும். இப்போது "மூணு விசில்" என்று முன்பே சொல்லிவிடுவேன், அவன் மொட்டை மாடிப் படியில் போய் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணிவிட்டு வருவான். எத்தனை விசில் என்று தெரிந்த பிறகு அழுகை போய்விட்டது.

மொட்டை, காதுகுத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். குலதெய்வம் கோயிலில் நான்கு பேர் பிடித்துக்கொள்ள அவனுக்கு மொட்டை போட்டோம். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் தலையில் சீப்பு வைக்க விடவில்லை. சாமி காத்திருக்கும், பிள்ளை தயாராகும் வரை தள்ளிப்போடுங்கள்.

தயிர்சாதம் மட்டும்தான் சாப்பிடுகிறாள்.

பல குழந்தைகள் இப்படித்தான். வாயில் படும் விதம், மணம், நிறம் ஒத்துவராது. திணிக்காதீர்கள், புதியதைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள், தொட்டாலே போதும் என்று ஆரம்பியுங்கள். கோதுமை, பாலை நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சாப்பிடுவதே நாலு பொருள், அதில் இரண்டை நிறுத்தினால் பிள்ளை இளைத்துப்போகும்.

மருந்து உண்டா? ஸ்டெம் செல் போட்டால் குணமாகும் என்கிறார்களே?

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. தன்னையே அடித்துக்கொள்வது, கடுமையான எரிச்சல் போன்றவற்றுக்கு ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகளை மருத்துவர் தரலாம், வலிப்போ தூக்கப் பிரச்சினையோ இருந்தால் அதற்குத் தனியாக. அதைத் தவிர குணப்படுத்துகிறோம் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி நகையை விற்று ஸ்டெம் செல் ஊசி மூன்று தவணை போட்டார்கள், குழந்தை அப்படியேதான் இருக்கிறது, கடன் மட்டும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்தப் புற்றுநோய் போன்ற அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் போடக் கூடாது. உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று சொல்லிச் செய்யும் கீலேஷன் இன்னும் ஆபத்து, 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுக் குழந்தை அதில் இறந்தே போனது.

அப்படியென்றால் எதுதான் உதவும்? தினம் ஆறு மணி நேரத் தெரபிக்கு வசதியில்லையே.

பேச்சுத் தெரபி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி இவையெல்லாம் உதவும். ஆனால் வாரத்தில் மூன்று மணி நேரம் அவர்களிடம் இருக்கிறான், மீதி நேரம் உங்களிடம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஓர் ஆய்வு செய்தார்கள், 2016-இல் வெளிவந்தது. நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள்தான் வீடுகளுக்குப் போனார்கள். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டி, குழந்தை எந்த இடத்தில் உங்களைத் தேடியது பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைப் பிடித்துக்கொண்டார்கள், குழந்தைகளும் தாமாகவே அவர்களை அதிகம் நாடினார்கள். உங்கள் போனில் ஐந்து நிமிடம் எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது முழுக்க முழுக்க நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், அவனுக்கு இடமே விடவில்லை.

பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்றால்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளைச் சொல்கிறது. அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி இந்தக் காரணத்துக்காகக் குழந்தையை ஒதுக்கக் கூடாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, நாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்டு வாங்கலாம். சட்டம் இப்படி, நடப்பு வேறு. எங்களை ஒரு பள்ளியில் யூகேஜி நடுவில் டிசி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாம். இப்போது இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் டீச்சர் செய்தது ஒன்றே ஒன்று: அவன் பெஞ்சை ஜன்னல் பக்கமிருந்து சுவர் ஓரத்துக்கு மாற்றி, அன்றைய பீரியட் வரிசையைப் பலகையின் மூலையில் எழுதி வைக்கிறார்.

பெண் குழந்தைகளுக்கு வராதா?

வரும். ஆண் குழந்தைகளில் மூன்று, நான்கு மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கிறார்கள். பெண் பிள்ளை அமைதியாக ஓரமாக உட்கார்ந்தால் "அடக்கமான பொண்ணு" என்று நாம் விட்டுவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

ஐந்தில் ஒன்று என்கிற அளவுக்கு வாய்ப்பு. முடிவு உங்களுடையது. பிறந்தால் ஆறாவது மாதத்திலிருந்தே கவனியுங்கள்.

எங்களுக்குப் பிறகு?

கன்னர் எழுதிய முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளைச் சுற்றினார், 2023-இல் 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம் என்பது உண்மை, ஆனால் ஊரே அவரைத் தெரிந்து வைத்திருந்தது என்பதும் உண்மை. எல்லாப் பிள்ளைகளும் அவரைப் போல வருவார்கள் என்று சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படுகிறவர்கள் நிறைய.

செய்ய வேண்டிய காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, யுடிஐடி என்ற நாடு முழுவதற்குமான மாற்றுத்திறனாளி அட்டை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா மருத்துவக் காப்பீடு, ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் கிடைக்கும். 18 வயதானதும் நாம் தானாகப் பாதுகாவலர் ஆவதில்லை, தேவைப்பட்டால் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் சட்டப்படி விண்ணப்பிக்க வேண்டும். அதோடு பல் தேய்க்க, குளிக்க, கடையில் பத்து ரூபாய் கொடுத்துச் சில்லறை வாங்க இப்போதே பழக்குங்கள். என் மகன் ஏபிசிடி எழுத மூன்று வருடம் போராடினோம். அந்த நேரத்தில் பாதியைச் சட்டைப் பொத்தான் போடச் செலவிட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் இல்லை. வெளியே இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் நாங்கள் என்ன செய்யலாம்?

முறைக்காதீர்கள், "பிள்ளைய இப்படியா வளக்கறது" என்று சொல்லாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள். "ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், பதில் வராவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வருடம் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஸ்பீக்கரில் பாட்டு அலறியது, என் மகன் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான், பின் சீட்டில் ஓர் அம்மா "பையனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார், பாட்டு நின்றது. காவிரிப் பாலம் வரும்போது கையை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தான், மெதுவாக "தண்ணி" என்றான்.